அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள்: யார் படிக்கிறார்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் புறநகர் ஒன்றிலுள்ள சமுதாயக் கல்லூரியில் சில ஆண்டுகள் கல்வி ஆலோசகராகப் பணியாற்றினேன். அப்போதும் அதன் பிறகும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் பலரும் கேட்டார்கள். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோர், கணவரின் வேலைக்காக இங்கு வந்து மீண்டும் படிக்க விரும்பும் பெண்கள், ஊரிலிருந்து அழைக்கும் உறவினர்கள் ஆகியோரின் அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றால் நம் ஊரில் தையலும் கணினியும் சொல்லித் தருகிற இடம்தானே? அதற்கா அமெரிக்கா வரை போக வேண்டும்?

பெயர் ஒன்றாக இருந்தாலும் அமைப்பு வேறு. 1990களின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய நம் சமுதாயக் கல்லூரிகள், பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தருவதை நோக்கமாகக் கொண்டவை. அமெரிக்காவில் அது உயர்கல்வி அமைப்பின் ஓர் அங்கம். இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நிகரான பாடங்களையும், செவிலியர், மின்பணியாளர், பல் சுகாதாரப் பணியாளர் போன்ற தொழில்களுக்கான படிப்புகளையும் அது நடத்துகிறது. இரண்டாண்டுப் படிப்பை முடித்தால் அசோசியேட் பட்டம் கிடைக்கும்.

இன்றும் இயங்கும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையது, இல்லினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் வீட்டிலிருந்து சென்று வரக்கூடிய தொலைவில் இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இப்போது ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவை இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த எவரையும் சேர்த்துக்கொள்வதுதான் இவற்றின் அடிப்படை விதி. கீழே வரும் பல பதில்களுக்கு இந்த விதியே வேர்.

அங்கே யார்தான் படிக்கிறார்கள்? மார்க் குறைந்த பிள்ளைகளா?

மதிப்பெண்ணை வைத்து இவர்களை வகைப்படுத்த முடியாது. அமெரிக்காவில் இளநிலைப் படிப்பு படிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் சமுதாயக் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களின் சராசரி வயது 27 அல்லது 28. ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றக்கூடியது. ஐந்தில் ஒருவர் இன்னும் உயர்நிலைப் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கும் சிறுவர். இன்னொரு பக்கம் நாற்பது வயதில் தொழில் மாற வந்தவர்கள் இருக்கிறார்கள். என் மேசைக்கு எதிரே ஒரே காலையில் பதினாறு வயதுப் பையனும், அவனுடைய பாட்டி வயதுள்ள ஒரு பெண்மணியும் அடுத்தடுத்து வந்து அமர்ந்ததுண்டு.

மாணவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரமாகப் படிக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர். குழந்தையைத் தனியாக வளர்க்கும் பெற்றோரும், முன்னாள் படைவீரர்களும், உடல் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ளவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நாலில் ஒரு பங்குக்கு மேல். கறுப்பினத்தவர் எட்டில் ஒரு பங்கு அளவில். முழுநேரம் படிப்பவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்குப் போகிறார்கள். எனவே இவர்களை "படிக்கும் பிள்ளைகள்" என்று நினைப்பதைவிட, வாழ்க்கையை நடத்திக்கொண்டே படிக்கும் மனிதர்கள் என்று நினைப்பது உண்மைக்கு நெருக்கமானது.

நம்மவர்கள் அங்கே படிக்கிறார்களா? எனக்குத் தெரிந்து யாரும் போனதில்லையே.

படிக்கிறார்கள், ஆனால் புள்ளிவிவரத்தில் தனியாகத் தெரிய மாட்டார்கள். தேசியக் கணக்கெடுப்பு ஆசிய வம்சாவளியினர் அனைவரையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கிறது. சீனர், வியட்நாமியர், இந்தியர், மியான்மரிலிருந்து வந்த அகதிகள் எல்லோரும் அதில் அடக்கம். அதனால் "ஆசிய மாணவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்னும் சராசரிக்குள், உதவி தேவைப்படும் பலர் மறைந்துபோகிறார்கள்.

நான் பார்த்த தமிழர்கள் இரு வகையினர். ஒரு பகுதி, கலிஃபோர்னியாவின் கூபர்டினோவில் உள்ள டி ஆன்சா போன்ற சமுதாயக் கல்லூரிகளில் பாடம் எடுத்து, பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறத் திட்டமிடும் இளைஞர்கள். மற்றொரு பகுதி, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குரிய எச்-4 விசாவில் வந்த பெண்கள். ஊரில் பொறியியலோ அறிவியலோ படித்து வேலையும் பார்த்துவிட்டு, இங்கே கணக்கியலோ குழந்தைக் கல்வியோ படிக்க வருபவர்கள். அந்த விசாவில் இருப்பவர்கள் படிக்கத் தனி விசா தேவையில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் மாநில வாசிக்குரிய குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைச் சேர்க்கை அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் நாட்டின் சராசரியில் ஏறத்தாழ 4,000 டாலர். மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இது 11,000 டாலருக்கு மேல். கலிஃபோர்னியாச் சமுதாயக் கல்லூரிகளில் 2012இலிருந்து ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர். குறைந்த வருமானமுள்ள குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் பெல் என்னும் கூட்டரசு உதவித்தொகை கிடைக்கும். பல ஊர்களில் அதுவே கட்டணத்தை முழுவதும் ஈடுகட்டிவிடும். கட்டணத்தைவிட வாடகை, பாடநூல், கார், குழந்தைப் பராமரிப்பு ஆகியவையே மாணவர்களை அழுத்துகின்றன.

பாதிப் பேர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்களாமே, உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. இலையுதிர்காலப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அதே கல்லூரியில் இருப்பவர்களின் பங்கைத் தக்கவைப்பு விகிதம் என்கிறார்கள். சமுதாயக் கல்லூரிகளில் இது அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கு 55 அளவில் இருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாறிப் படிப்பவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது தொடர்ச்சி விகிதம். அது சில புள்ளிகள் கூடுதல். முழுநேரம் படிப்பவர்களின் தக்கவைப்பு, பகுதிநேரத்தாரைவிடத் தெளிவாக அதிகம்.

ஆனால் "விட்டுவிட்டார்கள்" என்னும் சொல்லை நான் விரும்புவதில்லை. அந்த 45 பேரில் ஒருவர் பிரசவத்துக்காக ஓர் ஆண்டு நின்றவராக இருக்கலாம். இன்னொருவர் கணக்கியலில் இரண்டு பாடம் மட்டும் படிக்க வந்து, படித்து, பதவி உயர்வு பெற்றுப் போனவராக இருக்கலாம். கணக்கில் இருவரும் இழப்பே. அதே சமயம், இந்த விளக்கத்தைச் சொல்லிக் கல்லூரிகள் தப்பித்துக்கொள்வதும் சரியன்று. பெரும்பாலோர் பட்டம் வேண்டும் என்றுதான் வருகிறார்கள்.

ஒரு கல்லூரியின் பட்டம் பெறும் விகிதம் 25 சதவீதம் என்று போட்டிருந்தது. நாலில் மூன்று பேர் தோற்றுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. அந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கல்லூரிகள் வெளியிடும் இந்த விகிதம், முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அவர்களில் எத்தனை பேர் வழக்கமான காலத்தின் ஒன்றரை மடங்குக்குள், அதாவது இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டுக்குள், முடித்தார்கள் என்று பார்க்கிறது. ஆயிரம் பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பகுதிநேரத்தார் 650 பேரும், முன்பே வேறெங்கோ படித்துவிட்டு வந்த 100 பேரும் போக, 250 பேர்தான் கணக்கில் இருப்பார்கள். அந்த 250 பேரில் 60 பேர் அசோசியேட் பட்டத்துக்குக் காத்திராமல் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனால், அவர்கள் பட்டம் பெற்றவர்களாகக் கணக்கில் வருவதில்லை. தனி வரியாக வேறிடத்தில் அச்சாவார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

இந்தக் குறையை உணர்ந்து, பகுதிநேரத்தாரையும் மாறி வந்தவர்களையும் சேர்த்து எட்டாண்டுகள் பின்தொடரும் இன்னொரு அளவையையும் கூட்டரசுக் கல்வித் துறை பின்னர் கொண்டுவந்தது. நாடெங்கும் மாணவர் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் தொடர்ந்து பார்க்கும் தேசிய மாணவர் பதிவகத்தின் கணக்குப்படி, சமுதாயக் கல்லூரியில் தொடங்குபவர்களில் ஆறு ஆண்டுக்குள் ஏதாவதொரு பட்டமோ சான்றிதழோ பெறுபவர்கள் நூற்றுக்கு 43 பேர் அளவில் இருக்கிறார்கள். 25ஐ விட இது மேல். ஆனாலும் பாதியைத் தொடவில்லை என்பதை நான் மறைக்க மாட்டேன்.

ஏன் நின்றுவிடுகிறார்கள்? படிப்பு ஏறவில்லையா?

சிலருக்கு அதுவும் காரணம். ஆனால் என்னிடம் வந்து "அடுத்த செமஸ்டர் வரவில்லை" என்று சொன்னவர்களில் பலர் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். ஒருவருக்குக் கார் பழுதாகிவிட்டது; பேருந்து இல்லாத ஊரில் கார் இல்லையென்றால் கல்லூரியும் இல்லை. ஒருவருக்குக் கடையில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். தேவையான பாடமோ செவ்வாய்க் காலையில் மட்டும்தான் இருந்தது. ஒருவருடைய தாயார் நோயில் விழுந்தார். சில நூறு டாலரில் தீரக்கூடிய இடர்கள் பட்டத்தைத் தின்றுவிடுகின்றன என்பதைக் கண்ணால் கண்டவள் நான். அந்தப் பணத்தையோ அந்த ஒரு வகுப்பையோ ஏற்பாடு செய்ய என் மேசையில் எந்த வழியும் இல்லாதிருந்த நாட்களை இன்னும் மறக்க முடியவில்லை.

டெக்சஸில் உள்ள அமரிலோ கல்லூரி இதை நேராகவே எதிர்கொண்டது. தன் மாணவர்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அங்குள்ள வழக்கமான மாணவர் பதினெட்டு வயது இளைஞர் அல்லர், 27 வயதுள்ள, வேலை பார்க்கிற, குழந்தை உள்ள இலத்தீனப் பெண் என்று தெரிந்தது. அவளுக்கு மரியா என்று பெயரிட்டு, எந்த முடிவெடுத்தாலும் "மரியாவுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். உணவுக் கிடங்கு, சமூகப் பணியாளர்கள், அவசர நிதி ஆகியவற்றை ஓரிடத்தில் அமைத்தார்கள். பதினாறு வாரப் பாடங்களில் பெரும்பாலானவற்றை எட்டு வாரமாக மாற்றினார்கள். எட்டு வாரத்துக்கு நடுவே வாழ்க்கை குறுக்கிடும் வாய்ப்பு குறைவு என்பதே அதன் தருக்கம். 2023இல் சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசை அது கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி கல்லூரியுடன் பகிர்ந்துகொண்டது.

என் மகளுக்குத் தேர்வு வைத்து, பள்ளிக் கணக்கையே மறுபடி படிக்கச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி என்பதால், வந்தவர்களை ஒரு குறுந்தேர்வின் மூலம் தரம்பிரித்து, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் இல்லாத அடிப்படை வகுப்புகளில் போடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மூன்று படிகள் ஏறினால்தான் கல்லூரிக் கணிதம் என்று வைத்து, ஒவ்வொரு படியிலும் பத்துக்கு ஏழு பேர் தேறுவதாகக் கொண்டாலும், நூறு பேர் 70 ஆகி, 49 ஆகி, கடைசியில் 34 ஆகிவிடுவார்கள். தேறியும் அடுத்த படியில் சேராமல் போகிறவர்களை இதில் நான் கழிக்கவே இல்லை.

இதனால்தான் கலிஃபோர்னியா 2017இல் ஏபி 705 என்னும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஓர் ஆண்டுக்குள் பல்கலைக்கழகத் தரத்துப் பாடத்தை முடிக்கும் வாய்ப்பு மாணவருக்கு மிகுதியாகக் கிடைக்கும்படி வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். டெனசியும் டெக்சஸும், கல்லூரிப் பாடத்தை நேராக எடுத்துக்கொண்டு அதனோடு இணைத்தே கூடுதல் உதவி வகுப்பு நடத்தும் முறைக்கு மாறின. உங்கள் மகளுக்கும் "உதவி வகுப்போடு சேர்த்து நேரடியாகக் கல்லூரிக் கணிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பல இடங்களில் இன்று ஆம் என்ற பதில் உண்டு.

இதையெல்லாம் மாற்ற முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, அல்லது வெறும் நம்பிக்கையா?

ஆதாரம் இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் ஏசாப் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக எஞ்சும் கட்டணம் தள்ளுபடி, பாடநூல் இலவசம், மாதந்தோறும் மெட்ரோ பயண அட்டை, அவர்களுக்கேற்ற நேரத்தில் வகுப்புகள். ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். அதே கல்லூரிகளில் மற்றவர்களுக்கு ஓர் ஆலோசகர் 600 பேருக்கு மேல் பார்க்க வேண்டியிருந்தது.

எம்டிஆர்சி என்னும் ஆய்வு நிறுவனம் அடிப்படை வகுப்பு தேவைப்பட்ட ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தது. மூன்று ஆண்டுகளில், திட்டத்துக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் பட்டம் பெற்றார்கள். வெளியே இருந்தவர்களில் 22 பேர். நியூயார்க்கில்தான் இது நடக்கும் என்று சொன்னவர்களுக்கு ஒஹாயோ பதில் சொன்னது: அங்கே மூன்று கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றியபோது 35க்கு 19 என்று வித்தியாசம் வந்தது. சேர்ந்தவர்கள் ஒரே மாதிரியானவர்கள், ஆசிரியர்களும் பாடமும் அவையே; மாறியது அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடு மட்டுமே. சமுதாயக் கல்லூரி மாணவர்களைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிற எவரிடமும் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த எண்களைத்தான்.

அவ்வளவு பலன் இருந்தால் எல்லாக் கல்லூரிகளும் ஏன் செய்யவில்லை?

பணம்தான் காரணம். ஒரு மாணவருக்கு ஆகும் செலவு இத்திட்டத்தில் அதிகம். ஆனால் கூடுதல் பேர் முடிப்பதால், நியூயார்க் ஆய்வில் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்தே இருந்தது. பல மாநிலங்களின் நிதியோ பெரும்பாலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை வைத்து வருகிறது. எத்தனை பேர் முடித்தார்கள் என்பதற்கு வருவது சிறு பங்குதான். மூன்றாண்டு கழித்துக் கிடைக்கும் பலனுக்காக இந்த ஆண்டே ஆலோசகர்களை நியமிக்கத் துணியும் நிர்வாகங்கள் குறைவு.

கட்டணத்தை இலவசமாக்கிவிட்டால் போதாதா?

சேர்க்கை கூடும், முடிப்பது தானாகக் கூடாது. டெனசி மாநிலத்தில் பள்ளி முடித்த எல்லோருக்கும் 2015 முதல் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் இலவசம். மற்ற உதவிகள் போக மிச்சத்தை மாநிலம் கட்டுகிறது. பள்ளியிலிருந்து நேராகக் கல்லூரிக்கு வருபவர்கள் அங்கே தெளிவாகக் கூடினார்கள். "இலவசம்" என்ற ஒற்றைச் சொல், உதவித்தொகைப் படிவங்களின் காட்டில் வழி தவறிய குடும்பங்களுக்குப் புரிகிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெல் உதவி ஏற்கெனவே கட்டணத்தை ஈடுகட்டும் மிக ஏழையான மாணவருக்கு இந்தத் திட்டத்தால் கையில் கூடுதலாக ஒன்றும் வருவதில்லை. முன்பு சொன்ன காரும் வாடகையும் அப்படியே நிற்கின்றன.

இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பணம் மிச்சம் என்கிறார்கள். நம்பலாமா?

வழி உண்மையானது, ஆனால் அதில் நடப்பவர்களில் பலர் வழி தவறுகிறார்கள். சேரும்போது ஐந்தில் நால்வர் இளநிலைப் பட்டத்தை இலக்காகச் சொல்கிறார்கள். உண்மையில் மாறுபவர்கள் மூன்றில் ஒருவர். மாறியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடிக்கிறார்கள். மொத்தத்தில், ஆறு ஆண்டுக்குள் இளநிலைப் பட்டம் பெறுபவர்கள் நூற்றுக்கு 16 பேர். பெரிய காரணம், படித்த பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போவது. "கிரெடிட் மாறும்" என்று சொல்வார்கள். பொது விருப்பப் பாடமாக மாறுவதும், உங்கள் மேஜருக்கான, அதாவது முதன்மைத் துறைக்கான, பாடமாக மாறுவதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை முதல் செமஸ்டரிலேயே புரிந்துகொள்ளாததால் ஓர் ஆண்டை இழந்தவர்களை நான் அறிவேன்.

உறுதியான ஒப்பந்தம் உள்ள இடங்களைத் தேடுங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் (டேவிஸ், எர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ்) குறிப்பிட்ட பாடங்களையும் மதிப்பெண்ணையும் பெற்றவர்களுக்கு இடத்தை எழுத்தில் உறுதிசெய்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் (யுசிஎல்ஏ), சான் டியேகோ வளாகங்கள் அப்படிச் செய்வதில்லை. ஃப்ளோரிடாவின் வலென்சியா கல்லூரிக்கும் மத்திய ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இத்தகைய நேர்வழி 2006 முதல் இருக்கிறது.

எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது. முழுநேரம் முடியாது. அப்படியானால் நான் முடிக்கவே மாட்டேனா?

முழுநேரத்தார் அதிகம் முடிக்கிறார்கள் என்று மேலே சொன்னது சராசரி. அது உங்கள் தலையெழுத்து அன்று. இடைவெளி விடாமல் இருப்பதே முக்கியம். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் என்று தொடர்ந்து எடுப்பவர், நான்கு பாடம் எடுத்துக் களைத்து ஓராண்டு நிற்பவரைவிடப் பெரும்பாலும் முன்னால் போவதை என் மேசையிலிருந்து பார்த்தேன். கோடைப் பருவத்தில் ஒன்று சேர்த்துக்கொண்டால் ஆண்டுக்கு ஐந்து பாடம். வளாகத்திலேயே குழந்தைக் காப்பகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் காத்திருப்போர் பட்டியலில் இன்றே பெயர் கொடுங்கள். ஒரு விதிவிலக்கு: எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படித்தாக வேண்டும்.

வெற்றி விகிதம் அதிகமுள்ள கல்லூரிதானே நல்ல கல்லூரி? பட்டியலைப் பார்த்துச் சேர்த்துவிடலாமா?

வசதியான புறநகரில், பெற்றோர் வீட்டில் தங்கி முழுநேரம் படிக்கும் இளைஞர்கள் நிறைந்த கல்லூரியின் விகிதம் உயர்ந்தே இருக்கும். அதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, வந்தவர்களின் வசதியின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. ஒரே வகை மாணவர்களைக் கொண்ட இரு கல்லூரிகளை ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள்: மொத்த விகிதத்துக்கு உள்ளே யார் முடிக்கிறார்கள்? நாடு முழுவதும் ஆசிய, வெள்ளை இன மாணவர்களின் நிறைவு விகிதத்துக்கும் கறுப்பின மாணவர்களின் விகிதத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அதைக் குறைத்துவரும் கல்லூரியில், முன்பு கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய் உதவும் பழக்கம் இருக்கும். அந்தப் பழக்கம் உங்கள் பிள்ளைக்கும் உதவும். சேர்வதற்கு முன் கேளுங்கள்: என் ஆலோசகர் யார், அவருக்கு எத்தனை மாணவர்கள்? முதல் நாளிலேயே முழுப் படிப்புக்குமான பாடத்திட்டம் போட்டுத் தருவீர்களா? மாலையிலும் இணையவழியிலும் மட்டும் படித்து இந்தப் பட்டத்தை முடிக்க முடியுமா?

ஐந்து வருடத்துக்கு முன் நான் பாதியில் நின்றுவிட்டேன். இனி திரும்பப் போக முடியுமா?

முடியும். உழைக்கும் வயதில் இருந்துகொண்டு, கல்லூரி தொட்டும் பட்டம் பெறாதவர்கள் இந்த நாட்டில் 3.6 கோடிக்கு மேல். அவர்களுக்காகவே டெனசி 2018இல் தன் இலவசத் திட்டத்தைப் பெரியவர்களுக்கும் விரித்தது. முதலில் பதிவு அலுவலகத்தை அழைத்து, உங்கள் பெயரில் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். நூலகத் தண்டமோ வண்டி நிறுத்தக் கட்டணமோ தீர்க்கப்படாமல் இருந்தால் புதிய பாடங்களில் சேர விடமாட்டார்கள். தவணையில் கட்டவோ தள்ளுபடி பெறவோ வழி உண்டு.

அடுத்து நிதியுதவி அலுவலகம். கூட்டரசு உதவி தொடர, எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு முடித்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், கைவிட்ட அந்தக் கடைசிப் பருவம் உங்களைத் தகுதியிழக்கச் செய்திருக்கலாம். நோய், பிரசவம், குடும்பத்தில் இறப்பு போன்ற காரணங்களைச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம். கடிதத்தில் என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். மருத்துவமனைச் சீட்டு இருந்தால் நகலை இணைத்து, பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.